மூன்றாம் எண் கூண்டு

ஒன்பது பதினைந்துக்கு மணி எதுவும் அடிப்பதில்லை.
எனக்கு மட்டும் அடிக்கும்,
இடது காதுக்குப் பின்னால்.
குக்கரை இறக்கிவிட்டு உட்காருவேன்.
சிப்காட்டிலிருந்து காற்று திரும்பியிருந்தால்
ஜன்னலைச் சாத்திவிட்டு.

முதுநகரில் மாடிப் போர்ஷன்.
பக்கத்து அறையில்
நைட் ஷிப்ட் முடித்துத் தேவநாதன் தூங்குகிறான்.
ஏறினாலும் இறங்கினாலும்
என் வீட்டுச் சந்தையில் சத்தம் கிடையாது.

போன மார்ச்சில் ஒரு எக்ஸ்பைரி நாள்
நாலாயிரம் போனது.
போனதைப் பிடிக்க எட்டு லாட் போட்டேன்,
அதைப் பிடிக்கப் பதினாறு.
ஸ்டாப்லாஸைக் கீழே கீழே நகர்த்தினேன்,
கடன்காரனுக்குத் தேதி சொல்வதுபோல
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
நாற்பது நிமிடத்தில் அறுபத்திரண்டாயிரம்.
வளையல் இரண்டும் பாங்க்கில் இருக்கின்றன.
எழுந்து வந்தவன் என் முகத்தைப் பார்த்து
"போச்சா?" என்றான்.
பிறகு பல் தேய்க்கப் போனான்.

அதற்கப்புறம்தான் இந்த நோட்டு.
மகளின் பழைய கணக்கு நோட்டு,
பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தது.
லாப நட்டத்தைத் தரகுக் கம்பெனி எழுதிக்கொள்ளும்.
நான் போட்டது மூன்று பத்தி:
கை நடுங்கியதா.
வயிறு இறுகியதா.
சொன்ன இடத்தில் நின்றேனா.

விதி ஒன்றுதான்.
இரண்டு அடி வாங்கினால் கடை மூடு.

இன்று பத்து நாற்பதுக்குள் இரண்டும் விழுந்தன.
இரண்டாவது,
நான் வைத்த கோட்டை வந்து தொட்டுவிட்டுத் திரும்பிய அடி.
தொட்டுவிட்டு!
மூடினேன்.
மூடியின் மேல் அரிசி டப்பாவைத் தூக்கி வைத்தேன்.
துவைத்த துணியை மறுபடி மடித்தேன்.
பருப்பில் கல் தேடினேன், கல் இல்லை.

பதினொன்றரைக்குப் போனில் பார்த்துவிட்டேன்.

நான் நினைத்த திசை.
நான் நினைத்த விலை.
பச்சைக் கேண்டில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக
என்னைக் கூப்பிடாமல் ஏறிப்போயிருந்தன.
இருந்திருந்தால் பதினேழாயிரத்து நானூறு.
ஒரு வளையல்.

ஒழுங்காக நடந்துகொண்டதற்கு
யாரும் பணம் தருவதில்லை.
கத்தலாம் என்றால் அவன் தூங்குகிறான்.
கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றி
இன்றோடு இரண்டு நாள்.
வெயிலோ கண்ணைக் குத்துகிறது.
உப்பனாற்றில் படகுகள் உரசி உரசி
கயிற்றுக்குள் கிடக்கின்றன.
வலைமேல் சீட்டாடுகிறார்கள்,
ஒருவன் தோற்றுக்கொண்டே சிரிக்கிறான்.
எனக்கு அது பிடிக்கவில்லை.

"காத்தக் காணோம் மழையக் காணோம்,
கூண்ட மட்டும் ஏத்திப்புட்டான்,
கடல்ல பாரு, தாம்பாளமாட்டம்"
என்று வானிலைக்காரன் வம்சத்தையே திட்டிவிட்டு
முந்தாநாள் ஐஸ் சங்கராவுக்குக்
கிலோவில் நூறு ரூபாய் ஏற்றிச் சொன்னாள் அஞ்சலாட்சி.
அரைக் கிலோ போதும் என்றேன்.
"நீயும் தொழிலுக்குப் போவலியா?" என்றாள்.
போகவில்லை என்றேன்.
உண்மைதானே.

கம்பத்தை நிமிர்ந்து பார்த்தேன்.
தவறாகவே ஏறியிருக்கலாம்.
ஏறியிருக்கிறது,
அவ்வளவுதான்.
கட்டிய படகில் ஒன்றுகூட
திருட்டுத்தனமாக அவிழவில்லை.
நான் மட்டும் பதினொன்றரைக்கு
முகத்துவாரம் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவள்.

மீனைக் கழுவி வைத்துவிட்டு நோட்டைத் திறந்தேன்.
கை: நடுங்கியது.
வயிறு: இறுகியது, இன்னும் விடவில்லை.
நின்றேனா: நின்றேன்.
ஸ்கேல் கிடைக்கவில்லை.
கோணலாக நாலாவது பத்திக்கு ஒரு கோடு இழுத்தேன்:
மூடியபின் எட்டிப் பார்த்தேனா.
ஆம்.
பேனா அந்த இடத்தில் தாளைக் கிழித்துவிட்டது.

எழுந்து வந்தவன் குழம்பை மோந்துவிட்டு
முகத்தைப் பார்த்தான்.
"ஐஸ் மீனா?"
"ஆமாம்."

சாயங்காலம் வரை முருங்கையில் ஒரு இலை அசையவில்லை.
கூண்டை யாரும் இறக்கவுமில்லை.